பயன்பாட்டுக் கணிதம்: மொத்தம் ஒருவர்

குணசுந்தரி மகளிர் கலை அறிவியல் கல்லூரியில் பயன்பாட்டுக் கணிதத் துறைக்கு எந்தக் குறையும் கிடையாது. தனி போர்டு உண்டு. தனிப் பூட்டு உண்டு. அறுபது பேர் உட்காரப் பெஞ்சு உண்டு. பூட்டைத் திறக்க ஒரு துறைத் தலைவர், அவர் பேச ஒரு மைக், மைக்குக்கு ஒரு ஸ்பீக்கர், எல்லாம் உண்டு. மாணவி மட்டும் ஒருத்தி.

அந்த ஒருத்தியின் பெயர் மோகனா. அம்மா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மிஷின் ஓட்டுகிறவள். மகளுக்குப் பள்ளியில் கணக்கு நன்றாக வந்தது. கணக்கு வருகிற பிள்ளையைக் கணக்கில் சேர்ப்போம் என்று கல்லூரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அதில் என்ன தப்பு இருக்கிறது, சொல்லுங்கள்.

“மேத்ஸ் ஃபுல்லு. அப்ளைடு மேத்ஸ் இருக்குது. அதுவும் மேத்ஸ்தான், இன்னும் ஜாஸ்தியா வேலைக்கு ஆவும்” என்றார் கவுண்ட்டரில் இருந்தவர்.

சேரும்போது அவளோடு இருபது பேராவது இருந்தார்கள். முதல் வாரத்திலேயே அக்கா குழந்தைக்கு மொட்டை போட வேண்டும் என்று குடும்பத்தோடு சோளிங்கர் போனாள் மோகனா. மலையேறி நரசிம்மரைக் கும்பிட்டு, படியில் குரங்குக்குப் பழம் கொடுத்து, திரும்பி வந்து பார்த்தால் வகுப்பு காலி. எல்லோரும் காமர்ஸுக்கும் கம்ப்யூட்டருக்கும் மாறிப் போய்விட்டார்கள். மாறுவதற்குக் கடைசி நாள் எது என்று கேட்டாள். இவள் மலையேறிக்கொண்டிருந்த அதே நாள். சாமியைக் குற்றம் சொல்ல முடியுமா?

தனிமரம் தோப்பாகாது என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். பாவம், அவர்கள் இந்தக் கல்லூரியைப் பார்த்ததில்லை.

துறைத் தலைவர் புகழேந்தி சார் நல்ல மனிதர். அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டாவது நிம்மதியாக இருக்கலாம். காலையில் வந்து வருகைப் பதிவேட்டைத் திறப்பார். “மோகனா” என்று கூப்பிடுவார். “உள்ளேன் சார்” என்பாள். வருகை முடிந்தது. பதிவேட்டை மூடிவிட்டு மைக்கை எடுப்பார். ஸ்மார்ட் வகுப்பறை என்றால் மைக்கில்தான் பேச வேண்டும் என்பது விதி.

“மாணவியரே, இன்று வரிசைக் கோட்பாடு பார்க்கப் போகிறோம். ஒரு கவுண்ட்டரில் பலர் வந்து நிற்கும்போது காத்திருக்கும் நேரம் எவ்வளவு என்பதுதான் கேள்வி. பின் பெஞ்சு, கேக்குதா?”

முதல் நாள் மோகனா திரும்பிப் பார்த்தாள். பின் பெஞ்சில் தூசிதான் இருந்தது. தினமும் கேட்டார், தினமும் பதில் இல்லை. ஒரு நாள் அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பையை எடுத்துக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போய், “கேக்குது சார்” என்றாள். அன்றைக்கு அவர் நடத்திய பாடம் மாதிரி பிறகு ஒரு நாளும் நடத்தவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் சாதாரணக் கணித வகுப்பு. அங்கே அறுபது பேர். மோகனாவோடு பள்ளியில் படித்த மெர்சியும் அங்கேதான். காலையில் வருகை எடுக்கும் சத்தம் சுவரைத் தாண்டி வரும். வராதவர்களுக்கு மெர்சி குரலை மாற்றி “உள்ளேன் மேடம்” என்பாள். ப்ராக்ஸி. ஒருத்திக்குக் காய்ச்சல், ஒருத்தி பஸ்ஸை விட்டுவிட்டாள், ஒருத்தி சும்மாவே அமிர்திக்கு அருவி பார்க்கப் போய்விட்டாள், எல்லோருக்கும் மெர்சி வாயில் இடம் உண்டு. மேடம் கண்டுபிடித்துக் கத்த, வகுப்பே சிரிக்கும். இந்தப் பக்கம் மோகனா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தனக்கு ப்ராக்ஸி கொடுக்க ஒரு நாதி இல்லையே என்று அவளுக்கு ஏக்கமாக இருக்கும். அவள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. பக்கத்தில் ஒரு ஆள். அவ்வளவுதான்.

முதல்வர் விஜயகுமாரி மேடத்திடம் போய் நின்றாள்.

“மேடம், என்னை மேத்ஸ் கிளாஸுக்கு மாத்திடுங்க. தனியா இருக்க முடியல. பேச ஆளே இல்ல மேடம்.”

முதல்வர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் உரை வருகிறது என்று அர்த்தம்.

“மோகனா, நீ போனா எனக்கு ஒரு ஸ்டூடன்ட் போறா. அது பரவாயில்ல, ஸ்டூடன்ட் வருவா, போவா. ஆனா உன்கூட ஒரு டிபார்ட்மென்ட்டே போவுது. நம்ம வாசல் ஆர்ச்சைப் பாத்திருக்கியா? பதினாறு துறைகள்னு கல்லுல வெட்டி வச்சிருக்குது. பதினஞ்சு ஆனா கல்லை இன்னா பண்றது? ஒரு பொண்ணுக்காகக் கல்லை மாத்த முடியுமா?”

“கல்லுக்காக நான் தனியா உக்காரணுமா மேடம்?”

“அப்படிப் பாக்காதே. உனக்குக் கிடைக்கிறது தனிக் கவனம். மத்த பொண்ணுங்க அதுக்கு ஏங்குறாங்க.”

யார் ஏங்குகிறார்கள் என்று யோசித்துக்கொண்டே கிளம்பினாள் மோகனா. வெளியே வந்தபோது மெர்சி கூட்டம் கேன்டீன் பக்கம் போய்க்கொண்டிருந்தது. மெர்சி கையாட்டினாள். அவளைச் சுற்றிப் பத்துப் பேர் இருந்தார்கள்.

கல்லூரி ஒரு சம்பிரதாயத்தையும் விடவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். வகுப்புப் பிரதிநிதி தேர்தல் நடந்தது. முன்மொழிந்தவர் மோகனா, வழிமொழிந்தவர் மோகனா. ரகசிய வாக்கெடுப்பு என்பதால் புகழேந்தி சார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எண்ணி முடித்ததும் ஒருமனதாகத் தேர்வு என்று மைக்கில் அறிவித்தார். நான்கு பேர் குழுவாகச் செய்ய வேண்டிய ஆய்வை அவளே செய்து, குழுவில் யார் யார் ஒத்துழைக்கவில்லை என்ற கட்டத்தில் கோடு போட்டுக் கொடுத்தாள். யாரையும் ராகிங் செய்யவில்லை என்று கையெழுத்துப் போட்டாள். செய்ய ஆள் கிடைத்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

பரீட்சை நடந்தது. பார்த்து எழுதக் கூடாது என்பதற்காக ஒரு பெஞ்சு விட்டு ஒரு பெஞ்சு உட்கார வைப்பது வழக்கம். அதன்படி அவளை ஒரு பெஞ்சு விட்டு உட்கார வைத்தார்கள். இரண்டு கண்காணிப்பாளர்கள். ஜன்னலில் காக்கா கத்தியது என்று ஒரே ஒரு தடவை திரும்பினாள். “அங்க இன்னா பார்வை?” என்று அதட்டல் வந்தது.

மதிப்பெண் எண்பத்தாறு. ஆசிரியர் கூட்டத்தில் புகழேந்தி சார் எழுந்து, “எங்கள் வகுப்புச் சராசரி எண்பத்தாறு. திட்ட விலக்கம் பூஜ்யம். மாணவியரிடையே இவ்வளவு ஒற்றுமையை வேறு எந்தத் துறையும் காட்ட முடியாது” என்றார். கை தட்டினார்கள்.

அடுத்த வாரம் பெற்றோர் அழைப்பு வந்தது. அம்மா அரை நாள் லீவு போட்டுவிட்டு, கம்பெனி நீலக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தாள்.

“வாழ்த்துகள்மா. உங்க பொண்ணு வகுப்புல முதல் ரேங்க்” என்றார் முதல்வர். அம்மா முகம் மலர்ந்தது. முதல்வர் அந்த ஃபைலை மூடி அடுத்ததைத் திறந்தார். குரலும் மாறியது. “இப்ப கொஞ்சம் வருத்தமான விஷயம். உங்க பொண்ணு வகுப்புல கடைசி ரேங்க். கடைசி ரேங்க் வாங்குற பசங்களோட பெத்தவங்களைக் கூப்பிட்டுப் பேசணும்னு விதி. வீட்ல இன்னா பிரச்சினை?”

அம்மா மகளைப் பார்த்தாள், மேடத்தைப் பார்த்தாள்.

“இப்ப நான் இவளை மெச்சிக்கணுமா, திட்டணுமா மேடம்?”

“ரெண்டும் பண்ணுங்க. ரெண்டுக்கும் தனித்தனியா கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க.”

பஸ் பச்சகுப்பம் தாண்டினதும் அம்மா, “எங்க லைன்ல பக்கத்துப் பக்கத்துல உக்காந்திருக்கோம். வாயைத் திறந்தா சூப்பர்வைசர் கத்துறான். உனக்கு வாயைத் திறக்கலாம், ஆள் இல்ல. இன்னாடி கொடுமை இது” என்றாள்.

“நீ இன்னிக்கு லீவு போட்டதுக்குத் திட்டுவாங்களாம்மா?”

“மாட்டாங்க. நாளைக்கு வெளிநாட்டுலேர்ந்து பையர் வர்றான், ஆர்டர் குடுக்குறவன். இந்த வாரம் ஃபுல்லா ட்ரெய்னிங்தான். அவன் கேட்டா தண்ணி இருக்குது, டாய்லெட் இருக்குது, ஓவர்டைம் கட்டாயம் இல்லன்னு சொல்லணும். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.”

இரண்டாம் பருவத்தில் கல்லூரிக்கே ஒரு பையர் வந்தார். தர ஆய்வுக் குழு. தலைவரும் இரண்டு உறுப்பினர்களும் வரப்போகிறார்கள் என்று தெரிந்ததும் கல்லூரிக்கு ஜன்னி கண்டது. வாடகைக்குப் பூந்தொட்டி இறங்கியது. நூலகத்தில் புத்தகங்களின் தூசியைத் தட்டினார்கள், திறந்து பார்க்கத்தான் நேரமில்லை. எல்லாம் சரி, பயன்பாட்டுக் கணிதத்தை என்ன செய்வது? நாற்பது பேர் படிப்பதாக ஏற்கெனவே எழுதி அனுப்பியாகிவிட்டது.

தாளாளருக்குச் சொந்தமாக ஒரு ஷூ கம்பெனியும் இருந்தது, மோகனாவின் அம்மா வேலை செய்வது வேறு. அவர் கலங்கவில்லை. “முப்பத்தொம்பது பொண்ணுங்களை லைன்லேர்ந்து அனுப்புறேன். ஒரு நாள் ப்ரொடக்‌ஷன் போவும். போவட்டும். கல்விக்காக இதுகூடச் செய்யலைன்னா நான் மனுஷனா?” என்றார்.

ஆய்வு நாள் காலையில் கம்பெனி பஸ் வந்து நின்றது. சூப்பர்வைசர் ஹபீப் பாய் முதலில் இறங்கி, பெண்களை வரிசையாக இறக்கி, கழுத்தில் கல்லூரி அடையாள அட்டையை மாட்டி உள்ளே அனுப்பினார். வகுப்பு நிரம்பியது. மல்லிகைப்பூ வாசம், வளையல் சத்தம், பர்தாவை மடித்துப் பையில் வைக்கும் சத்தம். மோகனா வழக்கமான பெஞ்சின் நடுவில் உட்கார்ந்து திருவிழா பார்க்கிற குழந்தை போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கொஞ்சம் நவுந்து உக்காரும்மா” என்றாள் ஒருத்தி.

மோகனா நகர்ந்தாள். இந்தக் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து அவளை யாரும் நகரச் சொன்னதில்லை. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. புத்தகத்தில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டாள்.

வந்தவள் பெயர் இஃப்ரா. இவளைவிட மூன்று நான்கு வயது பெரியவள் இருப்பாள்.

“இங்க இன்னா வேலை?”

“பாடம் கேக்கணும்க்கா.”

“டார்கெட் எவ்ளோ?”

“டார்கெட்லாம் இல்ல.”

“சும்மா உக்காந்து கேட்டா போதுமா? நல்லாத்தான் வாழுறீங்க” என்று சிரித்தவள், வகுப்பை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள். “நிஜமாவே நீ ஒருத்திதானா? டெய்லி இந்த ஹால்ல தனியாவா? பேஜாரா இல்ல?”

“இருக்குதுக்கா. ரொம்ப இருக்குது.”

மற்றவர்கள் எல்லோரும் அவளிடம் ரேங்க் கேட்டிருக்கிறார்கள், கையெழுத்துக் கேட்டிருக்கிறார்கள். இதைக் கேட்டவள் இவள் ஒருத்திதான். இஃப்ரா பையிலிருந்து ஒரு புளி மிட்டாயை எடுத்து அவள் கையில் வைத்தாள். “பின் பெஞ்சு, பேசக் கூடாது” என்று மைக்கில் சொன்னார் புகழேந்தி சார். நிஜமாகவே பின் பெஞ்சில் ஆள் இருந்து, நிஜமாகவே பேசிக்கொண்டிருந்ததால் அவர் முகம் பெண்ணுக்கு வரன் அமைந்த தகப்பன் முகம் போல இருந்தது.

குழு வந்தது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். தலைவர் சால்வையைச் சரிசெய்துகொண்டு, “உட்காருங்கள் மாணவியரே. இந்தத் துறையில் உங்கள் அனுபவம் எப்படி இருக்கிறது? பயமில்லாமல் சொல்லுங்கள்” என்றார்.

ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. படிப்பைப் பற்றி இரண்டு வரி சொல்லிக்கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. முதல்வர், துறைத் தலைவர் சொல்லியிருப்பார் என்றிருந்தார். துறைத் தலைவர், கம்பெனியில் சொல்லி அனுப்பியிருப்பார்கள் என்றிருந்தார். வாசலில் நின்ற ஹபீப் பாய்க்குக் கை பரபரத்தது. பையர் வரும் நாளில் செய்கிற மாதிரி ஒரு பக்கப் புருவத்தைத் தூக்கினார். அந்தப் புருவம் அவர்களுக்குத் தெரியும்.

முதல் பெஞ்சுப் பெண் எழுந்தாள். “குடிதண்ணி இருக்குது சார். டாய்லெட் சுத்தமா இருக்குது.”

புகழேந்தி சார் கையிலிருந்த சாக்பீஸ் கீழே விழுந்தது.

“ஓவர்டைம் கட்டாயம் இல்ல சார். இஷ்டப்பட்டாதான் செய்வோம்” என்றாள் இரண்டாமவள்.

“பதினெட்டு வயசுக்குக் கம்மியா யாரையும் உள்ள விடுறதில்ல சார்.”

“நெருப்புப் புடிச்சா அந்தப் பக்கம் ஒரு வழி, இந்தப் பக்கம் ஒரு வழி.”

“சூப்பர்வைசர் எங்க மேல கைநீட்ட மாட்டார் சார். கெட்ட வார்த்தையும் பேச மாட்டார்” என்று கடைசியாக ஒருத்தி புகழேந்தி சாரைக் காட்டினாள்.

முதல்வர் சுவரைப் பிடித்துக்கொண்டார். தலைவர் மெல்லக் கண்ணாடியைத் துடைத்தார்.

“நான் எத்தனையோ கல்லூரிகளைப் பார்த்துவிட்டேன்” என்று ஆரம்பித்தார். “எங்கே கேட்டாலும் பாடம் புரிகிறது, புரியவில்லை என்று பாடத்தைப் பற்றியே பேசுவார்கள். சின்னத்தனம். இந்தப் பெண்கள் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, கவனித்தீர்களா? இதுதான் முதிர்ச்சி. ஒரு துறைத் தலைவர் கெட்ட வார்த்தை பேசுவதில்லை என்று மாணவியே எழுந்து சாட்சி சொல்கிறாள். என் துறையில் இருபது வருஷம் தலைவராக இருந்தேன். எனக்கு ஒருத்தர் இப்படிச் சொன்னதில்லை.”

உறுப்பினர்கள் எழுதிக்கொண்டார்கள். தலைவரின் பார்வை மோகனா மேல் விழுந்தது. “நீ ஏனம்மா தலை குனிந்திருக்கிறாய்? நீயும் சொல்.”

மோகனா எழுந்தாள். இதை விட்டால் கேட்க வேறு இடமில்லை என்று தெரிந்தது.

“சார், இந்த கிளாஸ்ல படிக்கிறது நான் ஒருத்திதான் சார். பக்கத்துல யாரும் இல்ல சார். என்னை மேத்ஸுக்கு மாத்திவிடச் சொல்லுங்க.”

தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது கண்ணில் ஈரம்.

“கேட்டீர்களா? நாற்பது பேர் தோளோடு தோள் உட்கார்ந்திருக்கிற வகுப்பில் ஒரு பெண், தான் ஒருத்திதான் இருப்பதாக உணர்கிறாள். ஆசிரியரின் கவனம் முழுவதும் தனக்கே என்று நினைக்கிறாள். இதை எந்த நாட்டிலும் சாதிக்க முடியவில்லை. அதோடு நிற்கவில்லை, இன்னும் கணிதம் வேண்டும் என்று கேட்கிறாள். எழுதுங்கள். சிறந்த நடைமுறை: தான் ஒருத்தியே என்ற உணர்வு.”

இஃப்ரா மட்டும் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

குழுவுக்குப் பிரியாணி போனது. பெண்கள் வகுப்பிலேயே டிபன் பாக்ஸைத் திறந்தார்கள். மோகனாவின் புளிச்சோறு எங்கெங்கோ போனது, அவள் மூடியில் கத்திரிக்காயும் முட்டையும் எலுமிச்சை ஊறுகாயும் வந்து விழுந்தன. அன்றைக்கு அவள் சாப்பிட்டதைப் போல இந்த வருஷம் முழுக்கச் சாப்பிடவில்லை. கல்யாணம், மாமியார், சூப்பர்வைசர், எல்லாக் கதையும் கேட்டாள். ஒரு கதைக்கு வாய்விட்டுச் சிரித்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்பு நின்று, இந்தப் பக்கம் என்ன என்று கேட்பது போல அமைதியானது.

கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. எழுந்தார்கள், அட்டையைக் கழற்றி மேஜையில் குவித்தார்கள்.

“வர்றேம்மா” என்றாள் இஃப்ரா.

“எப்பக்கா?”

“அடுத்த இன்ஸ்பெக்‌ஷன் எப்பன்னு உங்க மேடத்தக் கேளு” என்று கன்னத்தைத் தட்டிவிட்டு ஓடினாள். அடுத்த இன்ஸ்பெக்‌ஷன் ஐந்து வருஷம் கழித்து.

கல்லூரிக்கு உயர்ந்த தரம் கிடைத்தது. ஆர்ச்சில் ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். மோகனா மறுபடி முதல்வரிடம் போனாள். முதல்வர் கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை.

“இப்ப எப்படி விடுறது? அறிக்கையில நாப்பது பேர். முப்பத்தொம்பது பேர் கம்பெனியில இருக்காங்க. மிச்சம் இருக்கிறது நீதான்.”

அறிக்கையில் நாற்பது பேர் இருந்தால் பதிவேட்டிலும் இருக்க வேண்டுமே. கம்பெனியில் கொடுத்த பட்டியலை அப்படியே ஏற்றினார்கள். மோகனாவின் பெயர் கடைசியில் வந்தது. ஒரு சிக்கல்: புகழேந்தி சார் நேர்மையானவர். குரல் கேட்காமல் யாருக்கும் வருகை போட மாட்டார். அதனால் வகுப்புப் பிரதிநிதி எல்லோருக்கும் பதில் சொல்ல வேண்டும் என்று முதல்வர் சுற்றறிக்கை அனுப்பினார்.

தினமும் காலையில் சார் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, மோகனா “உள்ளேன் சார்” சொன்னாள். முதலில் ஒரே குரலில் சொன்னாள். பிறகு அந்தந்த முகம் நினைவுக்கு வர, முட்டை கொடுத்தவளுக்கு ஒரு குரல், மாமியார் கதை சொன்னவளுக்கு ஒரு குரல் என்று மாற்றினாள். இஃப்ராவின் பெயர் வரும்போது அவள் மாதிரியே சிரித்துக்கொண்டு சொன்னாள். சொல்லிவிட்டுப் பக்கத்தில் பார்ப்பாள். அந்த இடம் காலியாக இருக்கும். ஆனாலும் அவள் பெஞ்சின் நடுவுக்குத் திரும்பவில்லை, நகர்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஒரு நாள் காலை, முப்பத்தொன்பது பேருக்கும் சொல்லி முடித்தாள். தொண்டை காய்ந்திருந்தது.

“மோகனா” என்று கூப்பிட்டார் சார்.

அவள் வாயைத் திறக்கவில்லை. எத்தனை பேருக்குச் சொல்லியாயிற்று, ஒரு நாள் யாராவது எனக்குச் சொல்லட்டுமே என்று தோன்றியது. காத்திருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் மெர்சி யாருக்கோ “உள்ளேன் மேடம்” என்றாள். சிரிப்பு எழுந்தது.

“மோகனா?” சார் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்தபடி இருந்தார். அவர் நேர்மையானவர் என்று முன்னமே சொன்னேன்.

ஆப்சென்ட் போட்டுப் பதிவேட்டை மூடினார். மைக்கை எடுத்து, “பின் பெஞ்சு, கேக்குதா?” என்று கேட்டுவிட்டு, அன்றைக்கு வராத ஒருத்தியைத் தவிர மற்ற எல்லோருக்கும் பாடம் நடத்த ஆரம்பித்தார்.